ஈரமில்லாத குழி

குத்தாயிசி நகரக் குடிநீர் வாரியத்தில்
எனக்கு வேலை, கேட்பது.
இரவு இரண்டு மணிக்கு மேல்
இரும்புக் கம்பியின் ஒரு முனை தார்ச்சாலையில்,
மறுமுனை என் காதில்.
மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பேன்.

முதலில் கேட்பது என் ரத்தம்தான்.
அது அடங்க அரை நிமிடம் ஆகும்.
பிறகு தூரத்தில் ரியோனி ஆறு,
பிறகு யார் வீட்டிலோ
சரியாக மூடாத கழிவறைத் தொட்டி,
எல்லாவற்றுக்கும் அடியில்
பழந்துணியை யாரோ மெல்லக் கிழிப்பதுபோல
உடைந்த குழாய்.
ஒரு சாண் பிசகாமல் சுண்ணாம்பால் குறி போடுவேன்.
இருபத்திரண்டு வருடம்.
பாம்புக் காது என்பார்கள் அலுவலகத்தில்.

போன பிப்ரவரியில்
ரொட்டிக்கடை முன்னால் குறி போட்டபோது,
புதிதாய்ச் சேர்ந்த மாக்வாலா
"ஆனால்..." என்றாள்.
"தெரியும்" என்றேன்.

விடிந்ததும் மூன்று மீட்டர் தோண்டினார்கள்.
ரொட்டி வரிசையில் நின்றவர்கள்
முறை வரும்வரை எட்டி எட்டிப் பார்த்தார்கள்.
பொரபொரவென்று மண்.
என் பெயர் சொல்ல ஒரு சொட்டு இல்லை.

அவள் எதுவும் சொல்லவில்லை.
அதுதான் உறுத்தியது.
வண்டிக்குள் தேநீர் குடிக்கும்போது கேட்டேன்:
ராத்திரி என்ன சொல்ல வந்தாய்?
"மறந்துவிட்டது."
மறக்கவில்லை.
ஏற்கெனவே துடைத்த கம்பியை
மறுபடி துடைத்துக்கொண்டிருந்தாள்.
அடுத்த கேள்வியை நான் விழுங்கினேன்.
தேநீர் ஆறி, மேலே ஆடை கட்டியது.

"எதிர்ப்பக்க நடைபாதையில்
ஒரு கல்லில் மட்டும் உறைபனி இல்லை" என்றாள்.

அப்போதே சொல்லியிருக்கலாமே என்று
நாக்கு நுனிவரை வந்தது.
சொல்லத்தான் தொடங்கினாள்.
அந்தப் பேச்சின் முதல் வார்த்தைதான் "ஆனால்".

வீட்டிலும் நான் அப்படித்தான்.
தலை வலிக்கிறது என்பாள் எத்தேரி; மாத்திரை என்பேன்.
தங்கை பேசுவதில்லை என்பாள்; நீயே கூப்பிடேன் என்பேன்.
வாக்கியம் முடியுமுன்
என் கையில் ஸ்பானர் இருக்கும்.
நான் வழி கேட்கவில்லை என்று ஒருமுறை கத்தினாள்.
பிறகு ஏன் சொல்கிறாய் என்று
உண்மையாகவே புரியாமல் கேட்டிருக்கிறேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை
சமையலறை மேசையில் வால்நட் உடைத்தபடி
"எனக்குத் தூக்கம் சரியில்லை" என்றாள்.
கனமான திரைச்சீலை, சூடான பால், டாக்டர் குராம்:
மூன்று பதில்கள் வரிசைகட்டி நின்றன.
மூச்சைப் பிடித்தேன்.

முதலில் ரத்தம்.
பிறகு குளிர்பதனப் பெட்டி.
பக்கத்து வீட்டு வானொலி.
நான்கு கொட்டைகள் உடைந்தன.
ஐந்தாவது சொத்தை; முகர்ந்துவிட்டு எறிந்தாள்.
பேச்சு அத்தோடு முடிந்தது என்றே நினைத்தேன்.

"நீ ஒரு மணிக்குக் கிளம்புகிறாய்.
லிஃப்ட் கதவு. கீழே இரும்பு கேட்.
வண்டி மூன்றாம் தடவைதான் உறுமும்.
வெள்ளைப் பாலம் தாண்டும்வரை கேட்கும்.
அதற்குப் பிறகு
எதுவும் கேட்காது பார்,
அப்போதுதான் தூக்கம் போய்விடும்."

இருபத்திரண்டு வருடமுமா?
நான் கேட்கவில்லை.
ஊருக்கு அடியிலெல்லாம் கேட்ட காது
சிவந்துபோயிருக்க வேண்டும்,
தொட்டால் சுட்டது.
ஒரு கொட்டையை எடுத்து நானும் உடைத்தேன்.
பருப்பு தூளாகிவிட்டது.
"உனக்கு இதுகூட வராது" என்று சிரித்தாள்,
மூக்கை உறிஞ்சியபடி.

திருந்திவிட்டேன் என்று சொல்லமாட்டேன்.
வியாழக்கிழமையே சறுக்கினேன்.
பத்துமியிலிருந்து மகன் ஜாபா தொலைபேசியில்,
"அப்பா, அந்த வேலையை நான்" என்றதும்
"தெரியும், விட்டுவிடாதே" என்றுவிட்டேன்.
எதிரே எத்தேரி
மேசையை விரல் கணுவால் ஒருமுறை தட்டினாள்.

சொல்லு, என்றேன்.

கம்பியில் இரைச்சல்.
அந்தப் பக்கம் அவனும் பேசவில்லை.
கடல் அருகில்தான் நிற்கிறான் போல.
அல்லது அது என் ரத்தம்.
அரை நிமிடம் ஆகட்டும்.